முதுகில் ஒரு கூட்டாளி: மிகுபுனைவுக்கு இணைந்து வாழும் உயிர்களை உருவாக்கும் வழி

செட்டிநாட்டுக் குழம்புக்கு வாங்கி வைத்திருக்கும் கல்பாசியில் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பெயரில் பாசி என்றிருக்கிறது. அது பாதி உண்மைதான். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து கட்டிய வீடு அது. பூஞ்சை கூரை போடுகிறது, ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. பாசி வெயிலைக் கொண்டு சமைக்கிறது. 1860களின் இறுதியில் சைமன் ஷ்வெண்டனர் என்ற சுவிஸ் தாவரவியலர் இதைச் சொன்னபோது, அந்தத் துறையின் பெரியவர்கள் பலர் ஏற்கவில்லை. அவரும் இதைக் காதல் கதையாகச் சொல்லவில்லை. பூஞ்சை எஜமான், பாசிகள் அடிமைகள் என்றார். 1879இல் கூட்டுயிர் வாழ்வுக்கு வரையறை எழுதிய ஜெர்மானியர் அன்டன் டி பாரி, வேறு வேறு உயிர்கள் சேர்ந்து வாழ்வது என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஒட்டுண்ணிக்கும் அதில் இடம் உண்டு.

ஒரே துண்டுக் கல்பாசி ஒருவர் கண்ணுக்கு அடிமைத்தனம், இன்னொருவர் கண்ணுக்குக் குடித்தனம். மிகுபுனைவு (ஃபேண்டசி) எழுத வருபவர் இந்த வழக்கை முடித்து வைக்க வேண்டாம். இழுத்துக்கொண்டே போனால் போதும், கதை கிடைத்துவிடும்.

நான் முதலில் எழுதிய முயற்சியில் ஓர் இனத்தாரின் நெற்றியில் ஒளிரும் பூச்சி ஒட்டிக்கொண்டிருக்கும். நாற்பது பக்கம் எழுதி நண்பரிடம் கொடுத்தேன். "அது என்ன சாப்பிடும்? இவன் குப்புறப் படுத்தால் நசுங்காதா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பூச்சி வெறும் நெற்றிச்சுட்டியாக இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட வரிசையைத்தான் இங்கே சொல்கிறேன். கூடவே ஓர் உதாரணத்தையும் வளர்த்துக்கொண்டு போகலாம்.

முதல் படி: இல்லாததிலிருந்து தொடங்குங்கள்

கொம்பு எத்தனை, சிறகு என்ன நிறம் என்பதெல்லாம் பிறகு. அந்த நிலத்தில் எது கிடைக்காது என்று கேளுங்கள். தனியாக வாழ முடிந்தால் யாரும் கூட்டுச் சேர மாட்டார்கள்.

நம் உதாரணத்துக்கு ஓர் உப்புவெளி. எங்கே தோண்டினாலும் உவர்நீர். மழை என்பது பாட்டி சொன்ன கதை. அங்கே வாழ்கிறவர்களை உவரர் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீரைக் குடித்தால் ரத்தத்தில் உப்பேறிச் சாக வேண்டும், ஆனால் சாவதில்லை. காரணம், ஒவ்வொருவர் முதுகிலும் வேர்விட்டுப் படர்ந்திருக்கும் ஒரு கொடி. ரத்தத்திலுள்ள உப்பை அது உறிஞ்சி இலை வழியே வெளியே தள்ளுகிறது. கண்டல் காடுகளில் இதைச் செய்யும் மரங்கள் நிஜமாகவே உண்டு. பிச்சாவரம் போகிறவர்கள் வெண்கண்டல் இலையை நாக்கில் வைத்துப் பார்க்கலாம், உப்புக் கரிக்கும். நம் கொடியின் பெயர் ஊறி. உப்பு ஊறி வெளியே வருவதால் அந்தப் பெயர்.

பெயர் வைப்பது பற்றி ஒரு வார்த்தை. 'ஸைராக்ஸ்', 'த்ராகோன்' என்று வல்லின மெய்களை உருட்டிப் போடாதீர்கள். அந்த மக்கள் தங்கள் கூட்டாளியை அது செய்யும் வேலையால்தான் அழைப்பார்கள். தமிழில் அதற்கு வேர்ச்சொல் கொட்டிக் கிடக்கிறது.

இரண்டாம் படி: கொடுக்கல் வாங்கல் நோட்டு

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இந்தப் பக்கம் ஊறி தருவது, அந்தப் பக்கம் உவரர் தருவது. இரண்டுக்கும் கீழே, தருவதால் ஆளுக்கு என்ன நஷ்டம் என்றும் எழுதுங்கள். புதிதாக எழுதுகிறவர்கள் நஷ்டக் கணக்கைத்தான் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் அவர்களுடைய கூட்டுயிர் இலவசமாகக் கிடைத்த மந்திர சக்தியாக ஆகிவிடுகிறது.

ஊறி உப்பை எடுக்கிறது. பதிலுக்கு உடல் சூடு, ரத்தத்திலிருந்து கொஞ்சம் சத்து, வெயிலைத் தேடி நடக்க இரண்டு கால்கள். உவரருக்கு நஷ்டம்: தினமும் ஒருவேளைச் சாப்பாடு அதிகம் வேண்டும், நண்பகலில் முதுகை வெயிலுக்குக் காட்டி நிற்க வேண்டும், மல்லாந்து படுக்கவே முடியாது. ஊறிக்கு நஷ்டம்: வேறெங்கும் வேர்விட முடியாது.

இதோடு இன்னொன்றும் சேர்த்தேன், அதில்தான் இந்த இனமே எனக்குப் பிடிபட்டது. இலையில் படியும் உப்பைத் தினமும் துலக்கி எடுக்காவிட்டால் கொடி அடைத்துக்கொள்ளும், மூன்று நாளில் ஆள் போய்விடுவார். தன் முதுகைத் தானே துலக்க முடியுமா? முடியாது. ஆகவே உவரரில் தனிமனிதர் என்று யாரும் இருக்க முடியாது. உயிரியலில் ஒரு வரி மாற்றினேன், சமூகத்தில் பாதி தானாக எழுதப்பட்டுவிட்டது.

வேளை தவறாத இப்படியொரு கடமை இயற்கையிலும் உண்டு. ஹவாய்க் கடலில் கட்டைவிரல் அளவுக் கணவாய் ஒன்று தன் உடலுக்குள் ஒளிரும் பாக்டீரியாவை வளர்க்கிறது. இரவில் வேட்டையாடும்போது அந்த ஒளி, நிலவொளியோடு கலந்து கணவாயின் நிழல்வடிவத்தை மறைத்துவிடுகிறது. விடிந்ததும் அந்த பாக்டீரியாக்களில் ஏறக்குறைய 95 சதவீதத்தைக் கடலில் துப்பிவிடும். மிச்சமிருப்பது பகலில் பெருகி இரவுக்குத் தயாராகும். நம் வீட்டில் மாவு அரைக்கிற கணக்குதான்.

மூன்றாம் படி: யார் ஏமாற்றலாம்?

'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். அத்தி பூக்காமல் இல்லை, காய்க்குள்ளே பூக்கிறது. அந்தப் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோக ஒரு நுண்ணிய குளவி, நுனியிலுள்ள துளை வழியே சிறகு பிய்ந்துபோக உள்ளே நுழைகிறது. சில பூக்களில் முட்டையிட்டு அங்கேயே சாகிறது. அதன் பிள்ளைகளில் ஆண்களுக்குச் சிறகே கிடையாது. இணைந்து, பெண்கள் வெளியேற வழி குடைந்துவிட்டு, அவையும் சாகும். 'அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு' என்ற பழமொழிக்குப் பின்னால் இத்தனை பெரிய ஒப்பந்தம் இருக்கிறது.

மகரந்தம் கொண்டுவராமல் முட்டை மட்டும் இட்டுவிட்டுப் போனால்? சில அத்தி இனங்கள் அப்படிப்பட்ட காயைப் பழுக்க விடாமல் உதிர்த்துவிடுகின்றன. உள்ளே இருக்கும் குஞ்சுகளும் போயின. மெக்சிகோவில் கொம்புமுள் அக்கேசியா மரம் இன்னும் தந்திரக்காரி. காவல் எறும்புகளுக்குத் தேன் தருகிறது. ஓர் எறும்பு அந்தத் தேனை முதல்முறை குடித்ததுமே அதற்குச் சாதாரணச் சர்க்கரையைச் செரிக்கும் திறனே அடங்கிப்போகிறது. பிறகு அது வேறு எங்கே போகும்? எறும்பு காவல் காப்பது விசுவாசமா, அடிமைப்பட்ட வயிறா என்று ஷ்வெண்டனரும் டி பாரியும் உட்கார்ந்து வாதிடலாம்.

உங்கள் நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் ஏமாற்றும் ஒரு தண்டனையும் எழுதிவிடுங்கள். ஊறி உப்பெடுப்பதைக் குறைத்துப் பூப்பதில் சத்தைச் செலவழிக்கலாம். பூத்த முதுகு பார்க்க அழகு. அதைச் சுமப்பவருக்குக் கை கால் வீங்கும். உவரரின் தண்டனை, முதுகில் போர்வை போர்த்தி வெயிலை மறுப்பது. போர்வை போர்த்தியவரை ஊர் எப்படிப் பார்க்கும், இளசுகள் வேண்டுமென்றே பூக்கவிட்டுத் திரிவார்களா என்றெல்லாம் தோன்றத் தொடங்கினால் சரியான பாதையில் போகிறீர்கள்.

நான்காம் படி: எப்படிக் கைமாறுகிறது?

இலைவெட்டி எறும்புகளின் இளவரசி, மணப்பறப்புக்குக் கிளம்பும்போது தாய்வீட்டுப் பூஞ்சையில் ஒரு துணுக்கை வாய்க்குள் இருக்கும் ஒரு பையில் வைத்துக்கொண்டு போகிறாள். புதுக்கூட்டில் அதை வைத்துத்தான் தோட்டம் போட வேண்டும். உறைமோர் கொண்டுபோகிற கதை. ஹவாய்க் கணவாய்க்கோ அம்மா எதையும் தருவதில்லை. குஞ்சு பொரித்ததும் கடல்நீரிலிருந்து அந்த பாக்டீரியாவைத் தானே பொறுக்கி எடுக்கிறது.

இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தாயிடமிருந்து வந்தால் கூட்டாளி உறவுக்காரர்; குலம், பரம்பரைப் பெருமை, கலப்பு பற்றிய பயம் எல்லாம் பின்னால் வரும். வெளியிலிருந்து வந்தால் தேடிப்போகும் சடங்கு வரும், கிடைக்காமல் திரும்பியவர்களும் வருவார்கள்.

உவரரில் தாயின் ஊறியிலிருந்து ஒரு கணுவை நறுக்கி, ஏழு வயதில் பிள்ளை முதுகில் ஊன்றுகிறார்கள். அதுவரை பிள்ளைக்குத் தாய்ப்பாலும், தாயின் இலையில் விடியலில் துளிர்க்கும் கொஞ்சம் நன்னீரும். சுமந்தவர் இறந்தால் ஊறி இன்னும் மூன்று நாள் உயிரோடு இருக்கும். அந்த மூன்று நாளுக்குள் பிணத்தின் முதுகைத் துலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், யார் முதுகுக்கு அதை மாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும். எந்தக் கதையையும் இங்கிருந்து தொடங்கலாம்.

ஐந்தாம் படி: ஒரு நாளை எழுதிப் பாருங்கள்

பண்பாடு என்றதும் பலர் கடவுளையும் தேசியக் கொடியையும் தேசிய கீதத்தையும் உருவாக்கத் தொடங்குகிறார்கள். அதற்குப் பதிலாக, விடிந்ததிலிருந்து படுக்கும்வரை ஒருவர் என்ன செய்கிறார் என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். உடம்பின் கட்டாயம் எங்கெல்லாம் முட்டுகிறதோ அங்கெல்லாம் ஒரு பழக்கம் பிறக்கும்.

உவரர் வீட்டில் சாய்வதற்குச் சுவரோ நாற்காலியோ இருக்காது. குழந்தையை முன்பக்கம்தான் கட்டுவார்கள். சுமையைத் தலையில் ஏற்றுவார்கள். விடியலில் தெருவே வரிசையாக உட்கார்ந்து, முன்னாலிருப்பவர் முதுகைப் பின்னாலிருப்பவர் துலக்கும். கடைசி ஆள் முதுகை யார் துலக்குவது? அதற்கு வட்டமாக உட்கார வேண்டும், ஆகவே தெருக்களே வட்டம். துலக்கிய உப்பு காசாகும். கல்யாணம் என்பது இனி உன் முதுகு என் பொறுப்பு என்ற வாக்கு. கோபித்துக்கொண்ட மனைவி துலக்காமல் எழுந்து போனால் அது அடியைவிடப் பெரிய செய்தி. பகையாளியின் முதுகையும் மறுக்காமல் துலக்க வேண்டும் என்று ஊர்ச்சட்டம் இருக்கலாம். அந்தத் துலக்கலில் எத்தனை அழுத்தம் கொடுத்தார் என்பதில் பகை தெரியும்.

வசைச்சொற்களை இங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். எந்த இனத்தையும் அதன் வசையிலிருந்து சீக்கிரம் அறியலாம். 'வெறுமுதுகே!', 'உன்னைக் காற்றுதான் துலக்கும்!'

இன்னொன்றைக் கவனியுங்கள். நமக்குப் புறமுதுகு காட்டுவது இழிவு. வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி, வடக்கிருந்து உயிர்விட்டான். உவரருக்கோ முதுகைக் காட்டுவதுதான் மரியாதை, 'என் உயிரை உன் பக்கம் திருப்பிவிட்டேன்' என்று பொருள். நேருக்கு நேர் நின்று பேசுவது சண்டைக்கு வருவது போல. உங்கள் மொழியிலுள்ள ஒரு மரபுத்தொடரை இப்படித் திருப்பிப் போட்டால் வாசகர் எந்த விளக்கமும் இல்லாமல் அந்நிய நிலத்துக்குள் போய்விடுவார். ஒன்று போதும். பத்து வைத்தால் வேடிக்கையாகிவிடும்.

ஆறாம் படி: திணையும் நாமும்

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது கூடுதல் வசதி. ஊறி 'வந்தது' என்பார்களா, 'வந்தாள்' என்பார்களா, 'வந்தார்' என்பார்களா? அஃறிணையா உயர்திணையா என்ற ஒரு விகுதியிலேயே உறவின் நிலைமை வெளிப்பட்டுவிடும். பாட்டி 'ஊறியம்மா கோவமா இருக்கா' என்கிறாள். பேரன் 'அது காயுது, வெயில்ல நிக்கணும்' என்கிறான். இரண்டு தலைமுறைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று நீங்கள் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது நாம், நாங்கள். கேட்பவரைச் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். உவரர் ஒருவர் வெளியூர்க்காரரிடம் பேசும்போது 'நான்' என்றே சொல்வதில்லை, 'நாங்கள் பசியாக இருக்கிறோம்' என்கிறார். வெளியூர்க்காரர் இன்னொரு ஆளைத் தேடுகிறார். அவரே தன் ஊறியிடம் பேசும்போது 'நாம்' என்கிறார். பிறகு ஒருநாள், கோபத்தில், முதன்முறையாக 'நான்' என்கிறார். வாசகருக்கு அந்த இடத்தில் சுருக்கென்று இருக்க வேண்டும். அதற்கு அதுவரை நூறு பக்கமும் அந்தச் சொல் அவர் வாயில் வராமல் காவல் காக்க வேண்டும். பிழைதிருத்தும்போது நான் மூன்று முறையாவது இதற்கென்றே படிப்பேன்.

ஊறி பேசுமா? என் யோசனை, பேச விடாதீர்கள். கடலடி மணலில் வளை தோண்டும் ஒரு வகை இறால் உண்டு, பார்வை மிக மங்கல். வளை வாசலில் காவல் நிற்கும் உளுவை மீனின் உடல்மேல் தன் உணர்கொம்பை வைத்துக்கொண்டே வேலை செய்யும். ஆபத்து என்றால் மீன் வாலை ஒரு அசைப்பு, இறால் உள்ளே. அவ்வளவுதான் அவர்கள் மொழி, ஆனால் உயிர் அதில் இருக்கிறது. ஊறிக்கும் மூன்றோ நான்கோ குறிகள் போதும். வேர் இறுகுவது, இலை சுருள்வது, உப்பு சிவப்பதுபோல. மனத்துக்குள் செந்தமிழில் அறிவுரை சொல்லும் கொடி வந்துவிட்டால், அது இரண்டாவது கதாநாயகனாகிவிடும், கூட்டுயிர் போய்விடும்.

ஏழாம் படி: ஒரே உயிர், இரண்டு ஊர்

ஓர் இனத்துக்கு ஒரே பண்பாடு என்பது சோம்பேறித்தனம். ஆப்பிரிக்காவில் தேன்காட்டிப் பறவை மனிதரைத் தேன்கூட்டுக்கு அழைத்துப் போகிறது. மனிதர் புகை போட்டுக் கூட்டை உடைப்பார்கள், பறவைக்கு மெழுகு கிடைக்கும். மொசாம்பிக்கின் யாவோ மக்கள் அதை அழைக்க நாக்கை உருட்டி 'ப்ர்ர்ர்-ம்' என்று ஓர் ஒலி எழுப்புவார்கள். 2016இல் வெளியான ஆய்வில், அந்த ஒலி கேட்டால் பறவை வழிகாட்டும் வாய்ப்பு 33 சதவீதத்திலிருந்து 66 ஆக உயர்ந்தது தெரிந்தது. தான்சானியாவின் ஹட்சா மக்கள் அதே பறவையைச் சீழ்க்கை அடித்து அழைக்கிறார்கள். யாவோ மக்கள் பறவைக்கென்று மெழுகை எடுத்து வைப்பார்கள். ஹட்சாக்களோ பல வேளைகளில் மெழுகைப் புதைப்பார்கள், எரித்தும் விடுவார்கள். பறவை பசியோடு இருந்தால்தானே அடுத்த கூட்டைக் காட்டும்!

ஒரே பறவை. ஓரிடத்தில் பங்காளி, ஓரிடத்தில் கூலியாள். இந்தப் பறவையின் குஞ்சு வேறு பறவைகளின் கூட்டில் பிறந்து, கொக்கி அலகால் அங்கிருக்கும் குஞ்சுகளைக் குத்திக் கொல்லும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் நண்பர் இன்னொரு வீட்டுக்கு எமன்.

உவரரில் மேட்டூர்க்காரர் ஊறியைத் தாய் என்கிறார்கள், பிள்ளைக்குக் கணு நறுக்கும்போது தவிரக் கத்தி வைப்பதில்லை. பள்ளத்தூர்க்காரர் அதைக் கால்நடைபோல நடத்துகிறார்கள்; கழித்துவிடுகிறார்கள், ஒட்டுக்கட்டுகிறார்கள், இரண்டு ஊறி சுமக்கும் கூலியாட்களையும் வைத்திருக்கிறார்கள். யார் சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லாதவரை கதை ஓடும்.

எட்டாம் படி: உறவை உடையுங்கள்

கென்யாவில் முள்மரங்களில் எறும்புகள் காவலிருக்கின்றன. யானையும் ஒட்டகச்சிவிங்கியும் மேய வந்தால் கடிக்கும். ஆய்வாளர்கள் சில மரங்களைச் சுற்றி மின்வேலி போட்டு 10 ஆண்டு விலங்குகளை அண்டவிடாமல் செய்தார்கள். மரங்கள் செழித்திருக்க வேண்டுமே? எதிரி இல்லையென்றதும் மரம் எறும்புக்குத் தரும் தேனையும், அது குடியிருக்கும் பொந்து முட்களையும் குறைத்தது. காவல் எறும்புகள் மெலிந்தன, மரச்சாறு உறிஞ்சும் பூச்சிகளை முன்பைவிட அதிகமாக வளர்த்தன. வேறொரு எறும்பினம் இடம் பிடித்தது. அது வண்டுகள் குடைந்த ஓட்டைகளில் குடியிருப்பது. வேலிக்குள் இருந்த மரங்கள் மெதுவாக வளர்ந்தன, அதிகம் செத்தன.

உங்கள் கதைக்கு வில்லன் கிடைக்கவில்லையென்றால், அந்த மக்களுக்கு எது இல்லையோ அதை யாராவது அன்பாகக் கொண்டுவந்து கொடுக்கட்டும். உப்புவெளிக்கு ஒரு நன்னீர்க் கால்வாய் வருகிறது. வெட்டியவர்கள் நல்லவர்கள். குடிநீர் தித்திக்கிறது. ரத்தத்தில் உப்பில்லாததால் ஊறிகள் வாடுகின்றன, சில சத்தை மட்டும் உறிஞ்சுகின்றன. விடியலில் வட்டத்தில் உட்கார ஆளில்லை. முதன்முறையாக ஒரு பையன் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்க்கிறான். அவனுக்கு அது பிடித்திருக்கிறது. இதைச் சோகம் என்பதா விடுதலை என்பதா என்று எனக்கே தெரியாது, அதனால்தான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எழுதும்போது

நோட்டில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூடக் கதைக்குள் வரக்கூடாது. 'உவரர் என்னும் இனத்தார் ஊறி என்னும் கொடியோடு வாழ்ந்தனர்' என்று தொடங்கினால் பாடப்புத்தகம். இப்படித் தொடங்கலாம்:

அப்பாவின் முதுகு இன்னும் சூடாக இருந்தது. அண்ணன் துலக்கினான், நான் உப்பைக் கிண்ணத்தில் வாங்கினேன். வாசலில் பெரியப்பா மகன்கள் இருவரும் முகம் காட்டி நின்றார்கள். "நாளைக்கு மறுநாள்வரைதான் தாங்கும்" என்றாள் அத்தை, யாரையும் பார்க்காமல்.

எதையும் விளக்கவில்லை. ஆனால் மூன்று நாள் கெடு, சொத்துத் தகராறு, முகம் காட்டி நிற்பதன் பகை எல்லாம் உள்ளே இருக்கின்றன. வாசகருக்குப் புரியாதோ என்று பயம் வந்தால், இந்த ஊரை அறியாத ஒருவரைக் கதைக்குள் கொண்டுவந்து அவரைத் தவறு செய்ய விடுங்கள். ஆறுதலாக அவர் யார் முதுகையாவது தட்டிக்கொடுக்கட்டும்.

எழுதி முடித்ததும், அறிவியலில் ஆர்வமில்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். "ஊறி எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்டால் கணக்கு நோட்டுக்குத் திரும்புங்கள். "அந்த அத்தை முதுகை யார் துலக்குகிறார்கள்?" என்று கேட்டால், அடுத்த அத்தியாயத்தை அவளிடமிருந்து தொடங்குங்கள்.